கழிவு என்று போட்டோம், தோற்றோம்

ஏழு சுண்ணாம்புக் குழிகள். பதினாறு பட்டைத் தொட்டிகள். ஐப்பசி மழைக்கும் ஒழுகாத ஒரு காயப்போடும் கொட்டகை. பாலாற்றங்கரையில் ‘இங்கே பாறைதான் வரும்’ என்று மூன்று பேர் சொல்லிவிட்டுப் போன இடத்தில், சித்திரையிலும் வற்றாத ஒரு கிணறு. என் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ரயிலடி வரைக்கும், வண்டிச் சக்கரம் புதையாத கருங்கல் பாதை. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டிய நாலு வகுப்புப் பள்ளிக்கூடம்.

இவ்வளவும் நான் கட்டியவை. தகப்பன் சொத்து என்று எனக்கு வந்தது அவருடைய இருமல் ஒன்றுதான்.

இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: ஒரு கட்சி. அதைக் கட்டியவன் நான் என்று சொல்லமாட்டேன். பொய் எனக்கு ஆகாது. விழுந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்தியவன் நான் என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் கிணற்றோடு நிறுத்தியிருந்தேன். காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். “கிணறு போதும் ஐயா, உங்கள் கட்சி தோற்ற கதையைச் சொல்லுங்கள்” என்கிறார். பிறத்தியார் தோற்ற கதை என்றால் ஜனங்களுக்கு ஒரு தனி ருசி. சரி, சொல்கிறேன்.

மாலைகள் மீந்த காலை

எங்கள் ஊர் போர்டுக்கு எலெக்ஷன் நடந்து முடிந்த மறுநாள் காலை. வக்கீல் வீட்டு மாடி. ஒரு கூடை நிறையச் சாமந்தி மாலைகள் மூலையில் இருந்தன. ஜெயித்துவிடுவோம் என்று முதல் நாளே வாங்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தவை. அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சாமந்தி வாடும்போது கொஞ்சம் கசப்பாக மணக்கும்.

எங்கள் கட்சிக்கு ‘ஊர் நலக் கட்சி’ என்று பெயர். ஊரார் ‘வக்கீல் கட்சி’ என்பார்கள். தலைவர் வக்கீல். நல்ல மனிதர், நல்ல குரல். பேச ஆரம்பித்தால் நாய்கூட உட்கார்ந்து கேட்கும். எதிர்த்து நின்றது தோல் மண்டிக்காரர்களின் கூட்டம். அவர்களுக்குக் கொள்கை என்று ஒன்றும் கிடையாது, ஜெயிப்பதைத் தவிர.

எங்களுக்குப் பச்சைப் பெட்டி. எழுத்துத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு நிறப்பெட்டி வைப்பார்கள். கடைத்தெருவில் எங்கள் பெட்டி பரவாயில்லை. தோல் வேலைக்காரர்கள் இருக்கிற பின்தெரு வட்டங்களில்தான் காலை வாரிவிட்டிருந்தது. அங்கேயும் வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு வந்திருந்த காலம் அது. எங்களையே நம்பி இருக்கிறார்கள் என்று நாங்கள் நம்பிய தெருக்கள் அவை.

மாடியில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் கட்சிப் பெயரை மாற்றச் சொன்னார். ஒருவர், பச்சை ராசியில்லை, மஞ்சள் கேட்டு வாங்கலாம் என்றார். இன்னொருவர், மண்டிக்காரர்களோடு சமாதானமாகப் போய்விடலாம் என்று மெதுவாக ஆரம்பித்து, வக்கீல் முகத்தைப் பார்த்து இருமி முடித்துக்கொண்டார்.

வக்கீல் சொன்னார்: “பின்தெருவை விட்டுடுவோம். அவங்களுக்கு நல்லது சொன்னாலும் ஏறாது. இனிமே நமக்குக் கடைத்தெருதான். அப்புறம் தேவசகாயம் வாத்தியார். பின்தெரு அவர் பொறுப்பு, நோட்டீஸ் எழுதினதும் அவர். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவரை நீக்கி ஒரு தீர்மானம் போட்டுடலாம்.”

தேவசகாயம் வாத்தியார் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மெலிந்த ஆள். எங்கள் கட்சியின் வாசகசாலையில்தான் அவர் சாயங்காலம் தோல் வேலைக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது பேர், முப்பது பேர், விரலில் சுண்ணாம்பு வெடிப்போடு பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்சியை விட்டு அவர் போனால் அந்த இடமும் போகும், அந்த வகுப்பும் போகும். அவர் ஒன்றும் பேசவில்லை. மாலைக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. வாத்தியாருக்காக என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். சரக்கு ஏன் கெட்டது என்று தெரியாமல் அடுத்த சரக்கைக் குழியில் போடுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னை விடுங்க. ஏன் தோத்தோம்னு பாத்துட்டு வர்றேன்” என்றேன்.

“என்னத்தை பாக்கப் போறீங்க கன்னியப்பரே?” என்றார் வக்கீல்.

“சதைப் பக்கத்தை.”

யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தோலைத் திருப்பிப் பார்ப்பது

நான் முதலாளி ஆவதற்கு முன் பதினோரு வருஷம் தோல் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். பதனிட்ட தோலை மேஜைமேல் போட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். இந்த ஜில்லாவில் என் கண்ணுக்கு நிகரான கண் அப்போது இல்லை. சென்னைக் கம்பெனிகளில் துரைமார்கள் நான் பிரித்த தோல்கட்டுகளை அவிழ்த்துப் பார்க்காமலே ஏற்றிக்கொள்வார்கள். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும்.

புதிதாக வருகிறவன் தோலின் மேல் பக்கத்தையே பார்ப்பான். மேல் பக்கம் பளபள என்றுதான் இருக்கும். எண்ணெய் தடவினால் எருமைத்தோலும் மணப்பெண் மாதிரி இருக்கும். காயம் இருப்பது சதைப் பக்கத்தில். சீவுகிறவன் கத்தி எங்கே வழுக்கியது, சுண்ணாம்பு எங்கே அதிகம் தின்றது, உப்பு எங்கே பிடிக்கவில்லை, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். கையை வைத்துத் தடவினால் விரல் நிற்கும். விரல் நின்ற இடம்தான் சேதி.

ஊரையும் அப்படித் தடவிப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

காதர் பாய் சொன்னது

முதலில் பக்கத்து ஷாப்பு முதலாளி காதர் பாயிடம் போனேன். முப்பது வருஷ சிநேகம். மண்டிக்காரர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மனிதர். அவருக்கும் எங்களுக்கும் அந்தக் கால்வாய் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஷாப்புகளின் கெட்ட தண்ணீர் தெருவில் ஓடி ஆற்றில் விழுகிறது, அதற்கு மூடின கால்வாய் போட வேண்டும் என்பது எங்கள் கட்சி. தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது பாயின் கட்சி.

“வா தோஸ்த்” என்றார். “தோல் வியாபாரி நிக்கிற கட்சிக்குத் தோல்வி வராம வேற இன்னா வரும்? பேர்லயே கீதே!”

சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“பாய், தமாஷ் இருக்கட்டும். ஏன் தோத்தோம்?”

“என்னைக் கேட்டா? என் ஓட்டு ஒண்ணு. உன் ஷாப்புலயே சீவுற மேஸ்திரிங்க நாலு பேரு ஓட்டு வச்சிருக்கான். நாலும் எங்க பக்கம். உன் கிணத்துத் தண்ணி குடிச்சிட்டு நேரா வந்து எங்க பெட்டியில போட்டான். அவனுங்களைக் கேளுப்பா.”

அவர் கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் ஷாப்பு ஆட்களா? போன பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேனே?

கட்டையில் நின்றால்தான் பேச்சு

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதலாளி வந்து ‘ஏண்டா’ என்று கேட்டால் எந்தத் தோல் ஷாப்பிலும் பதில் வராது. ‘ஒண்ணுமில்லீங்க’ என்று வரும். நான் வேலை செய்த காலத்தில் நானே எத்தனை ‘ஒண்ணுமில்லீங்க’ சொல்லியிருப்பேன்! பேச்சு வருவது கட்டையில் நிற்கும்போதுதான். சாய்வாக நிறுத்திய உருண்டைக் கட்டையின்மேல் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சீவுவார்கள். சீவுகிறவன் குனிந்திருப்பான். யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. முகம் பார்க்காத இடத்தில் வாய் தானாகத் திறக்கும்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு மேஸ்திரியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு கட்டையில் நின்றேன். இருபது வருஷம் கழித்து. சுண்ணாம்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. முதல் தோலில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை. இரண்டாவதில் விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

“முதலாளி கணக்கா வெட்டு போடுறாரே, இது மூணாந்தரம்” என்று எங்கிருந்தோ ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தால் பாதி வேலை முடிந்தது.

“இன்னாதான்டா உங்களுக்குக் கோவம்?” என்று தோலைப் பார்த்தே கேட்டேன்.

ஆண்கள் கத்தியை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். கீழே உட்கார்ந்து, சீவிப் போட்ட சவ்வையும் அறுத்துப் போட்ட ஓரத்தையும் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த குப்பம்மா தலையைத் தூக்கினாள். சவ்வு அள்ளும் பெண்களுக்கு அவள்தான் பெரியவள். என் தாயாரோடு சேர்ந்து வேலை செய்தவள். புருஷன் போன பிறகு வீடு அவள் பேரில், வரி அவள் பேரில், ஆகவே ஓட்டும் அவள் பேரில்.

“கேக்குறான் பாரு! இன்னா கோவமாம்! கழிவை ஒழிக்கிறேன்னு தெருத்தெருவா நோட்டீஸ் ஒட்டிட்டு, இப்ப வந்து கத்தியப் புடிச்சிக்கினு இன்னா கோவம்னு கேக்குறியே கன்னியப்பா, உனக்கே நல்லாகீதா?”

“கழிவுன்னா சாக்கடைத் தண்ணி குப்பம்மா. தெருவுல நாறுதே, அது.”

“அது சாக்கடை. அதுக்குச் சாக்கடைன்னு பேரு கீது.” கூடையைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். “இதுக்குப் பேரு இன்னா? சொல்லு.”

கூடையில் சவ்வு, ஓரத்துண்டு, கழுத்துச் சுருக்கம். எங்கள் ஷாப்புகளில் அதற்குப் பெயர் கழிவுதான். வேறு பெயரே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பெண்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். மணலில் காயவைத்து, தச்சர்களுக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்களிடம் விற்பார்கள். கூலி ஆண்களுடையது, கழிவு பெண்களுடையது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

“எங்க பங்கைப் புடுங்கிக்க வக்கீல் கட்சி வருதுன்னு ஊரே பேச்சு. மண்டிக்காரன் வாயே தொறக்கல, நீங்களே ஒட்டிக் குடுத்துட்டீங்க. நான் எங்க ஆளுங்களை நிக்க வச்சிச் சொன்னேன், பச்சைப் பொட்டிப் பக்கம் போனீங்க, சனிக்கிழமை அடுப்பு எரியாதுன்னு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “உங்கம்மா முந்தானையில முடிஞ்சிக்கினு போனாளே, அது இன்னாது? மல்லிப்பூவா?”

கட்டையில் எல்லாக் கத்திகளும் நின்றுவிட்டன.

அம்மா சனிக்கிழமைகளில் வரும்போது அந்த முந்தானையின் வீச்சம் எங்கள் குடிசைக்கு முன்னாலேயே வந்துவிடும். நானும் தம்பியும் அந்த வீச்சத்தை நோக்கித்தான் ஓடுவோம். அன்றைக்குச் சோறு என்று அர்த்தம்.

அந்தச் சொல் என் வாயில் எப்போது சாக்கடை ஆனது? யோசித்துப் பார்த்தேன். முதல் குழி வெட்டியபோதா, நாற்காலியில் உட்கார ஆரம்பித்தபோதா? எந்த நாள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வாத்தியார் ஏன் பேசவில்லை

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டீஸில் வாத்தியார் முதலில் எழுதியது வேறு. ‘தெருவில் கெட்ட நீர் ஓடாமல் கால்வாய் அமைப்போம்’ என்று எழுதியிருந்தார். அது நீளம், சுள்ளென்று இல்லை என்று சொன்னவன் நான். ‘கழிவை ஒழிப்போம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்’ என்று சொன்னவனும் நான். அவர் தயங்கி, “ஐயா, கழிவுன்னா பின்தெருவுல வேற அர்த்தம் ஆச்சுங்களே” என்றார். “எனக்குத் தெரியாத கழிவா வாத்தியாரே?” என்று அவரை அடக்கியவனும் நானேதான்.

கையைக் கழுவிக்கொண்டு நேரே வாசகசாலைக்குப் போனேன். வாத்தியார் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாடியில ஏன் சொல்லல? நான்தான் மாத்தச் சொன்னேன்னு?”

அவர் துணியை மடித்தார். “நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேங்க ஐயா.”

என்னை நாலு வசவு வைதிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை

கூட்டத்தில் தீர்மானத்தை வாசிக்க வக்கீல் கண்ணாடியை மாட்டினார். நான் எழுந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. கிணற்றில் வெடி வைத்தபோதுகூட அப்படி அடிக்கவில்லை.

“அந்தச் சொல்லு வாத்தியாருது இல்ல, என்னுது. அவரு வேணாம்னாரு. நீக்குறதா இருந்தா என்னை நீக்குங்க.”

“உங்களை எப்படிக் கன்னியப்பரே நீக்குறது?” என்றார் வக்கீல். “நாம உக்காந்திருக்கிற பெஞ்சே உங்களுது.”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நான் மேலே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கூடை, முந்தானை உட்பட. பிறகு இதைச் சொன்னேன். பெயரை மாற்ற வேண்டாம். பெட்டி நிறத்தை மாற்ற வேண்டாம். தோற்ற கட்சி வேறு வீதிக்குக் குடி போனால், போன வீதியிலும் அதே வாயோடுதானே போகும்? கால்வாய் நல்ல விஷயம், அதை விட வேண்டாம். ஆனால் கால்வாய் போடும்போது பெண்கள் கழிவு காயவைக்கும் மணல் திட்டைத் தொடமாட்டோம் என்று சேர்த்துச் சொல்வோம். இனிமேல் எந்த நோட்டீஸும் அச்சுக்குப் போகுமுன் பின்தெருவில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். கேட்கிறவர்களுக்கு என்ன புரிந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதும் நாம் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் அச்சு. இல்லையென்றால் அடித்து எழுத வேண்டும்.

“என் தமிழைக் குப்பம்மா திருத்தணுமா?” என்றார் வக்கீல்.

“ஓட்டு அவகிட்ட இருக்கே.”

அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். நீக்கும் தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அது திரும்ப வெளியே வரவில்லை.

முதல் வாசிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாயடிப் பக்கம், வாத்தியார் வாசிக்க, கூட்டம் சுற்றி நின்றது. வக்கீல் ‘சுகாதார அபிவிருத்தி’ என்று எழுதியிருந்தார்.

“சுகாதாரமா? அது யாரு ஊட்டுப் பொண்ணு?” என்றாள் குப்பம்மா.

வக்கீலே சிரித்துவிட்டார். பிறகு பென்சிலை எடுத்து அடித்தார். அந்த நோட்டீஸில் அன்றைக்கு ஏழு சொற்கள் போயின. அவற்றில் இரண்டு என்னுடையவை. எது எது என்று சொல்லமாட்டேன்.

அடுத்த எலெக்ஷனில் நாங்கள் கடைத்தெருவில் கொஞ்சம் இழந்தோம். பின்தெருவில் மொத்தமாக ஜெயித்தோம். போர்டில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கால்வாய் பாதி வந்தது, மீதி இன்னும் வரவில்லை. காதர் பாய் அப்போதும் மண்டிக்காரர்களுக்குத்தான் போட்டார். வாத்தியாரின் வகுப்பு, அவர் கண் மங்கும் வரைக்கும் அதே வாசகசாலையில் நடந்தது.

மலரில் வந்தது

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், கட்சி இந்த வருஷம் ஒரு மலர் போட்டிருக்கிறது. வழவழ காகிதம். என் பேரன் எனக்கு வாசித்துக் காட்டினான். ‘தோல்விக்குப் பின் தலைவர் ஆழ்ந்து சிந்தித்து வகுத்த வாசிப்பு முறை’ என்று ஒரு வரி. வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இதை அச்சாக விட்டிருக்க மாட்டார். என் பெயர் பின் அட்டையில் ‘ஆதரவாளர்கள்’ பட்டியலில், ஒரு சோடாக் கடைக்காரருக்குக் கீழே இருக்கிறது. குப்பம்மா எங்கேயும் இல்லை. வாத்தியார் எங்கேயும் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரி: ‘பொதுமக்களின் அறியாமையால் அந்தத் தேர்தலில் தோற்றோம்.’ பேரனை அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

மலர் போட்டவர்களே, இந்தப் பத்திரிகையை நீங்கள் வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திருத்தம் போடுங்கள். வாசிப்பு முறை கன்னியப்பனுடையது. அதைச் சொல்ல வைத்தது குப்பம்மா, வாசித்தது தேவசகாயம் வாத்தியார். மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். ‘பொதுமக்களின்’ என்பதை அடித்துவிட்டு அந்த இடத்திலும் என் பெயரைப் போடுங்கள். அந்தத் தேர்தலில் அறியாமை ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன் இந்த ஜில்லாவிலேயே நல்ல கண் உள்ளவன். ஒரு கட்சியைத் தனி ஆளாகக் கவிழ்த்துத் தனி ஆளாக நிமிர்த்தியவன் இந்தப் பாலாற்றங்கரையில் வேறு எவனாவது இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் என் பெயரைப் போடுங்கள். முதலில் கவிழ்த்ததற்கு.